மிச்சிகன் டவுன்ஷிப் சூப்பர்வைசர்: பதவிப்பிரமாணம் முதல் வரிப் பட்டியல் வரை முழுமையான வழிகாட்டி

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கேன்டன், நார்த்வில் போன்ற டவுன்ஷிப்களில் (நகரத்தைப் போலத் தனி போர்டு உள்ள உள்ளாட்சிப் பகுதிகள்) தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வீடு வாங்கிக் குடியிருக்கின்றன. வரி கட்டுகிறோம், குப்பை அள்ளுகிறார்கள், ஃபயர் வண்டி வருகிறது. இதையெல்லாம் நடத்தும் டவுன்ஷிப் போர்டின் தலைமை இருக்கையில் இருக்கும் சூப்பர்வைசர் என்ன செய்வார், எதைச் செய்ய முடியாது என்பது பலருக்கும் தெளிவாகத் தெரியாது. சூப்பர்வைசர் பதவிக்குப் போட்டியிட நினைப்பவருக்கும், புதிதாக வென்றவருக்கும், அந்த இருக்கையை எதிரில் உட்கார்ந்து கவனிக்க விரும்புபவருக்கும் இந்த வழிகாட்டி. அமெரிக்காவில் சூப்பர்வைசர் என்ற பெயர் இல்லினாய், நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களிலும் உண்டு. ஆனால் வேலை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே சொல்வது மிச்சிகனுக்கு மட்டும்.

முதலில்: சூப்பர்வைசர் மேயர் அல்ல

மிச்சிகனில் 1,240 டவுன்ஷிப்கள் இருக்கின்றன. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 6 மைலுக்கு 6 மைல் என்று சதுரமாக அளந்து, 36 பிரிவுகளாக வெட்டிய கட்டங்களே இவற்றின் அடித்தளம். பொதுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை ஒரு வகை. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்ட்டர் என்ற தனி சாசன அந்தஸ்து பெற்றவை இன்னொரு வகை. பொதுச் சட்ட டவுன்ஷிப்பின் போர்டில் 5 அல்லது 7 பேர் இருப்பார்கள். சார்ட்டரில் 7 பேர். சூப்பர்வைசர், கிளர்க், ட்ரெஷரர் மூவரும் தனித்தனிப் பதவிக்குத் தேர்வாகிறவர்கள். மீதிப் பேர் ட்ரஸ்டிகள்.

சூப்பர்வைசருக்கு ஒரே ஓட்டுதான். வீட்டோ கிடையாது. கிளர்க்கையும் ட்ரெஷரரையும் மக்களே தேர்ந்தெடுத்திருப்பதால் அவர்கள் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல. கணக்குப் புத்தகமும் தேர்தலும் கிளர்க்கிடம். பணமும் வரி வசூலும் ட்ரெஷரரிடம். செக்கில் கையெழுத்துப் போடுவது அவர்கள் இருவரும். பணத்தை ஒருவர் கையில் மட்டும் விடக் கூடாது என்றுதான் சட்டம் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. புதிதாக வந்த சூப்பர்வைசர் முதல் மாதத்திலேயே சறுக்குவது இங்கேதான். கிளர்க் அலுவலகத்துக்குள் போய் வேலை ஏவுகிறார், ஒப்பந்தக்காரரிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். போர்டு தீர்மானம் இல்லாமல் நீங்கள் தந்த வாக்கு டவுன்ஷிப்பைக் கட்டுப்படுத்தாது. அந்த ஒப்பந்தக்காரரோடு வரும் மனக்கசப்பு மட்டும் உங்களோடு தங்கும்.

அப்படியானால் அதிகாரம் எங்கே இருக்கிறது? கூட்டத்தை நடத்துவதில், பட்ஜெட்டை வரைவதில், வரி மதிப்பீட்டு ஆண்டின் தேதிகளைத் தவறவிடாமல் பிடிப்பதில். சட்ட விவகாரங்களில் டவுன்ஷிப்பின் முகவரும் நீங்கள்தான். வழக்கு நோட்டீஸை உங்களிடமோ கிளர்க்கிடமோ சார்பு செய்யலாம். கையில் வாங்கிய உடனே தேதியும் நேரமும் எழுதி, அன்றே வக்கீலுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். மேசை இழுப்பறையில் தூங்கிய நோட்டீஸால் பதில் சொல்லும் கெடு தவறிவிடும்.

படி 1: வேட்பு மனுவும் பதவியேற்பும்

அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில், கட்சி அடிப்படையில், 4 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். கட்சி வேட்பாளரை ஆகஸ்ட் மாத முதல்கட்டத் தேர்தல் தீர்மானிக்கும். நவம்பரில் பொதுத் தேர்தல். ஒரே கட்சி வலுவாக உள்ள ஊர்களில் உண்மையான போட்டி ஆகஸ்டிலேயே முடிந்துவிடும். நவம்பரை மட்டும் நம்பி ஓட்டுப் போடக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனுவோடு கையெழுத்துப் படிவம் கொடுக்கலாம், அல்லது 100 டாலர் கட்டணம் செலுத்தலாம். கெடு, ஆகஸ்ட் தேர்தலுக்கு முந்தைய 15-ஆவது செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி. அதோடு வேட்பாளர் அடையாள உறுதிமொழிப் பத்திரமும் சேர வேண்டும். ஆட்கள் தகுதி இழப்பது பெரும்பாலும் இந்தப் பத்திரத்தில்தான். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவது, பழைய தேர்தலின் நிதிக் கணக்கு பாக்கி இருக்கும்போதே "பாக்கி இல்லை" என்று கையெழுத்துப் போடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் திருத்த நேரம் இருக்கும்.

பதவிக்காலம் நவம்பர் 20 நண்பகலில் தொடங்குகிறது. அதற்குள் பதவிப்பிரமாணம் எடுத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசித் தணிக்கை அறிக்கை, நடப்பு பட்ஜெட், காப்பீட்டுப் பாலிசி, ஃபயர் சர்வீஸ் முதல் குப்பை வரை எல்லா ஒப்பந்தங்களும், நிலுவை வழக்குகளின் பட்டியல், மாஸ்டர் பிளான் (ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டம்), ஜோனிங் விதிகள் (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற விதிகள்). இவற்றில் தணிக்கை அறிக்கையை முதலில் படியுங்கள். தணிக்கையாளர் போர்டுக்கு எழுதும் கடிதம் அதோடு இருக்கும். சென்ற ஆண்டு சொன்ன அதே குறை இந்த ஆண்டும் இருந்தால் உங்கள் முதல் வேலை அதுதான். 4,000-க்கு மேல் மக்கள்தொகை இருந்தால் ஆண்டுதோறும் தணிக்கை. அதற்குக் குறைவானால் குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை.

படி 2: கூட்டம் நடத்துவது

1976-ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். அதில் தினமும் தேவைப்படுபவை: சிறப்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் முன்பு அறிவிப்பு ஒட்ட வேண்டும். கூட்டம் முடிந்து 8 வேலை நாளுக்குள் வரைவு நடவடிக்கைக் குறிப்பு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். போர்டு ஒப்புதல் கொடுத்த பிறகு 5 வேலை நாளுக்குள் இறுதிக் குறிப்பு.

5 பேர் போர்டில் 3 பேர் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. இதைப் படித்துவிட்டு காபிக் கடை, குழு மின்னஞ்சல், வாட்ஸாப் மூன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் நால்வருக்கும் ஒரு தகவல் அனுப்புகிறீர்கள். இருவர் "எல்லோருக்கும் பதில்" அழுத்தித் தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். மூன்று பேர் டவுன்ஷிப் விவகாரத்தைக் கலந்து பேசியாகிவிட்டது, அறிவிப்பு இல்லாத கூட்டம் நடந்துவிட்டது. தெரிந்தே மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். தகவல் அனுப்பும்போதே மேலே "யாரும் பதில் அனுப்ப வேண்டாம், கூட்டத்தில் பேசுவோம்" என்று எழுதிவிடுங்கள். உறுப்பினர்களின் முகவரிகளை மறை நகல் கட்டத்தில் போட்டால் இன்னும் நல்லது.

மூடிய அமர்வுக்குப் போக சட்டம் சொல்லும் காரணங்கள் மட்டுமே செல்லும். நிலம் வாங்குவது, நிலுவை வழக்கைப் பற்றி வக்கீலிடம் பேசுவது போன்றவற்றுக்குப் பெயர் கூப்பிட்டு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். உள்ளே பேசலாம், முடிவெடுக்கக் கூடாது. முடிவு திரும்பி வந்து வெளியில்தான்.

பொதுமக்கள் பேசும் நேரம் கட்டாயம். ஆளுக்கு 3 நிமிடம் என்று நேர வரம்பு வைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி, முன்பே எழுதி ஒப்புக்கொண்ட விதி. பிடிக்காததைப் பேசுகிறார் என்பதற்காக யாரையும் வெளியேற்ற முடியாது. அந்தக் கூட்டத்திலேயே அமைதியைக் குலைத்தால்தான் வெளியேற்றலாம். இங்கே நம்மவர்களுக்கு ஒன்று: கிரீன் கார்டிலோ வேலை விசாவிலோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, போட்டியிட முடியாது. ஆனால் கூட்டத்தில் பேசலாம், தன் வீட்டு வரி மதிப்பீட்டை எதிர்த்து மனு கொடுக்கலாம். குடியுரிமை வரட்டும் என்று பத்து ஆண்டு வாய்மூடி இருக்க எந்த அவசியமும் இல்லை.

படி 3: பட்ஜெட்

வரைவு பட்ஜெட் தயாரிப்பது சூப்பர்வைசரின் பொறுப்பு. மேனேஜர் அல்லது சூப்பரின்டெண்டென்ட்டை நியமித்து அந்தக் கடமையை ஒப்படைத்திருந்தால் அவர் செய்வார். பொதுச் சட்ட டவுன்ஷிப்களில் நிதியாண்டு வழக்கமாக ஏப்ரல் 1-இல் தொடங்கும். வேறு தேதியைத் தேர்ந்தெடுத்த ஊர்களும் உண்டு. பொது விசாரணைக்குக் குறைந்தது 6 நாள் முன்பு செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். வாரப் பத்திரிகை மட்டும் இருக்கும் ஊரில் 6 நாள் என்பது நடைமுறையில் இரண்டு வாரம். அச்சுக்கு அனுப்பும் கடைசி நாளைக் கேட்டு நாட்காட்டியில் குறித்த பிறகே விசாரணைத் தேதி வையுங்கள்.

கணக்கின் அடிப்படை "மில்". வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர். ஊரின் மொத்த வரிக்குரிய மதிப்பு 30 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால் 1 மில் 3 லட்சம் டாலர் தரும். ஃபயர் சர்வீஸுக்கு மக்கள் 2 மில் ஓட்டளித்திருந்தால் 6 லட்சம். அந்தப் பணத்தைப் பூங்காவுக்குத் திருப்ப முடியாது. ஓட்டுச் சீட்டில் என்ன காரணம் அச்சானதோ அதற்கு மட்டும். மாநில விற்பனை வரியில் மக்கள்தொகைப்படி வரும் பங்கும் முக்கிய வருமானம். 10 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் விடுபட்டால் அந்த இழப்பு அடுத்த கணக்கெடுப்பு வரை நீளும் என்பது இதனால்தான்.

பற்றாக்குறை பட்ஜெட்டுக்கு சட்டம் இடம் தராது. ஒரு தலைப்பில் ஒதுக்கியதைவிடச் செலவு கூடப்போகிறது என்று தெரிந்தால் செலவுக்கு முன்பே திருத்தத் தீர்மானம் வேண்டும். ஆண்டு முடிந்து "சரிக்கட்டும்" திருத்தம் தணிக்கையில் மாட்டும். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் ஒதுக்கீடு, இதுவரை செலவு, மீதி என்ற மூன்று நெடுவரிசைத் தாளை எல்லோர் கையிலும் கொடுங்கள். பனி அதிகம் விழுந்த ஆண்டில் எந்தத் தலைப்பு கரைகிறது என்பது ஜனவரியிலேயே அதில் தெரிந்துவிடும்.

படி 4: வரி மதிப்பீட்டு ஆண்டு

இந்தப் பதவியின் மிகப் பழைய வேலை இது. சட்டப்படி சூப்பர்வைசர்தான் மதிப்பீட்டு அதிகாரி, மாநிலச் சான்றிதழ் இருந்தால். இல்லாவிட்டால் போர்டு சான்றிதழ் பெற்ற அசெஸரை நியமிக்கும். பெரும்பாலான ஊர்களில் இப்போது அப்படித்தான். அசெஸரின் மதிப்பில் நீங்கள் தலையிடக் கூடாது. ஆதரவாளர் வீட்டுக்காக ஒரு போன் போட்டாலும் மொத்தப் பட்டியலின் நம்பகத்தன்மை போய்விடும்.

டிசம்பர் 31 வரி நாள். அன்று சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் அடுத்த ஆண்டு வரி. மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள் மதிப்பீட்டுப் பட்டியல் முடிய வேண்டும். மறுநாள் செவ்வாய் மறுஆய்வுக் குழுவின் தொடக்கக் கூட்டம். இரண்டாம் திங்களில் தொடங்கும் அமர்வில் மக்கள் மனுவைக் கேட்பார்கள். இந்தக் குழுவில் சூப்பர்வைசர் செயலாளர் மட்டும், ஓட்டு இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் என்ன முடிவு, என்ன காரணம் என்று எழுதி வைக்க வேண்டியது நீங்கள். "மறுக்கப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், மாநில வரித் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது யாருக்கும் உதவாது.

மக்கள் அதிகம் குழம்புவது வீடு வாங்கிய அடுத்த ஆண்டில். மதிப்பீடு சந்தை விலையில் பாதி. 1994-இல் வந்த திட்டம் ஏ என்ற சொத்து வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பணவீக்க அளவு, அல்லது 5 சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கை மாறினால் இந்தத் தடை விலகிவிடும். 4 லட்சம் டாலர் வீட்டின் மதிப்பீடு 2 லட்சம். முந்தைய சொந்தக்காரர் 20 ஆண்டு இருந்ததால் அவருடைய வரிக்குரிய மதிப்பு 1,10,000-தான் என்று வையுங்கள். மொத்தம் 40 மில் என்றால் அவர் கட்டியது 4,400 டாலர். நீங்கள் வாங்கிய மறு ஆண்டில் வரிக்குரிய மதிப்பு 2 லட்சத்துக்குத் தாவும், வரி 8,000. பழைய சொந்தக்காரரின் பில்லைப் பார்த்து வீட்டுக் கடனைக் கணக்கிட்டவர் கோபத்தோடு உங்கள் அறைக்கு வருவார். இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி வரவேற்பு மேசையில் வைத்திருங்கள். வாங்கிய 45 நாளுக்குள் சொத்து மாற்றப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்பதையும், சொந்த வீட்டில் குடியிருப்பவர் பள்ளி வரியில் 18 மில் வரை விலக்குக்கு மனுக் கொடுக்கலாம் என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம். கோடை பில்லுக்கு ஜூன் 1, குளிர்கால பில்லுக்கு நவம்பர் 1 என்பவை அந்த விலக்குக்கான கெடு.

குடியிருப்பு வீட்டுக்காரர் மார்ச் குழுவில் முறையிடாமல் நேராகத் தீர்ப்பாயம் போக முடியாது. அங்கே கெடு ஜூலை 31. மார்ச்சைத் தவறவிட்டவருக்குப் பொதுவாக அந்த ஆண்டு போயிற்று. இதே குழுவின் ஜூலை, டிசம்பர் அமர்வுகள் எழுத்துப் பிழை, அளவுப் பிழை போன்ற குறிப்பிட்ட தவறுகளுக்கும் சில வரி விலக்குகளுக்கும்தான், விலையைப் பற்றி வாதாட அல்ல. பிப்ரவரியில் மதிப்பீட்டு நோட்டீஸ் போகும்போதே மக்களுக்கு இதை உரக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 1-க்குள் குளிர்கால வரிப் பட்டியல் ட்ரெஷரர் கைக்குப் போக வேண்டும். வசூலிக்கும் ஆணையை அதோடு இணைத்து, கையெழுத்திட்டுக் கொடுப்பது சூப்பர்வைசர். அந்தக் கையெழுத்து இல்லாமல் ட்ரெஷரருக்கு வசூலிக்கும் உரிமை இல்லை.

படி 5: சாலையும் சிறப்பு வரியும்

உங்களுக்கு வரும் போன்களில் பாதி சாலைக் குழியைப் பற்றி இருக்கும். மிச்சிகனில் டவுன்ஷிப்புக்குச் சொந்தமாகப் பொதுச் சாலை கிடையாது. 1931-ஆம் ஆண்டின் மெக்நிட் சட்டத்துக்குப் பிறகு ஊர்ச் சாலைகள் கவுன்டி (பல டவுன்ஷிப்களை உள்ளடக்கிய மாவட்டம்) வசம் போய்விட்டன. ஆனால் "எங்கள் வேலை இல்லை" என்று போனை வைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, கவுன்டி சாலைத் துறைக்கு அன்றே அனுப்பி, புகார் எண்ணை அழைத்தவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பல டவுன்ஷிப்கள் கவுன்டியோடு செலவைப் பங்கிட்டுத் தூசி அடக்கவும் சரளை கொட்டவும் பணம் தருகின்றன. அந்தப் பேச்சை நடத்துவது நீங்கள்.

ஒரு தெருவுக்கு மட்டும் தார் போட வேண்டும் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்பு வரிச் சட்டம் வழி தருகிறது. பலனடையும் சொத்துகள் மட்டும் செலவைப் பங்கிடும். வழி இப்படிப் போகும்:

1. சாலையை ஒட்டிய நிலத்தின் மொத்த முகப்பு நீளத்தில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்களின் மனு. கையெழுத்துகளைப் பத்திரப் பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் அதை எண்ணுவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்து கணக்கில் வராது.
2. பொறியாளரின் வரைபடமும் செலவு மதிப்பீடும்.
3. முதல் விசாரணை. சொந்தக்காரர் எல்லோருக்கும் தபாலில் நோட்டீஸ், செய்தித்தாளில் இரண்டு முறை விளம்பரம். முதல் விளம்பரம் குறைந்தது 10 நாள் முன்பு.
4. திட்டத்துக்கு ஒப்புதல். சிறப்பு வரிப் பட்டியல் தயாரிக்க சூப்பர்வைசருக்கு உத்தரவு.
5. பட்டியல் மீது இரண்டாம் விசாரணை, பிறகு உறுதி செய்தல்.

நான்காவது படியில் பேனா உங்கள் கையில். 4,80,000 டாலர் வேலை, 40 மனை என்றால் மனைக்கு 12,000. 10 தவணையாக ஆண்டுக்கு 1,200, வட்டி தனி. கேட்க எளிது. ஆனால் மூலை மனைக்காரரின் வாகன வழி வேறு தெருவில் இருக்கும். ஒருவர் இரண்டு மனையை ஒன்றாக்கி ஒரே வீடு கட்டியிருப்பார். சதுப்பு நிலம் என்பதால் ஒரு மனையில் வீடே கட்ட முடியாது. எல்லோருக்கும் ஒரே தொகை போட்டால் அங்கேதான் வழக்கு வரும். தொகைக்கும் அந்தச் சொத்துக்குக் கிடைக்கும் மதிப்பு உயர்வுக்கும் நியாயமான பொருத்தம் வேண்டும் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1986-இல் நோவை நகரத்தின் டிக்சன் சாலை வழக்கில் சொல்லிவிட்டது. பட்டியலோடு, என் அறிவுக்கு எட்டியவரை இது சட்டப்படி சரியானது என்று நீங்கள் சான்றளிக்க வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் இந்தத் தொகை ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விசாரணையில் நேரிலோ எழுத்திலோ எதிர்ப்புத் தெரிவிக்காதவர் பின்னால் தீர்ப்பாயம் போக முடியாது. போகிறவருக்கு, பட்டியல் உறுதியானதிலிருந்து 35 நாள். கூட்டத் தொடக்கத்தில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்ப்பவரின் உரிமையைக் காப்பதும் உங்கள் கடமைதான்.

படி 6: நியமனங்கள், கோப்புகள்

திட்டக் குழு உறுப்பினர்களை நியமிப்பது சூப்பர்வைசர், போர்டின் ஒப்புதலோடு. 5, 7 அல்லது 9 பேர், 3 ஆண்டுக் காலம். நிலம் வாங்கி விற்பவர்களை மட்டும் நிரப்பினால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொந்த நலன் காரணமாக விலகி நிற்க வேண்டிவரும். விவசாயி, பள்ளி ஆசிரியர், ஏரிக்கரையில் குடியிருப்பவர் என்று ஊரின் பல மூலையிலிருந்தும் எடுங்கள்.

தகவல் கேட்டு மனு வந்தால் 5 வேலை நாளுக்குள் பதில். தேவைப்பட்டால் ஒருமுறை மட்டும் 10 வேலை நாள் நீட்டிக்கலாம். டவுன்ஷிப் வேலையைச் சொந்த மின்னஞ்சலில் செய்தால் அந்தக் கடிதங்களும் பொது ஆவணமே. முதல் நாளே தனி முகவரி வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவி சூப்பர்வைசரை நீங்கள் நியமிக்கலாம், கட்டாயமில்லை. அவருக்குப் போர்டில் ஓட்டு கிடையாது. ஒரு கூட்டத்துக்கு நீங்கள் வராவிட்டால் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் பதவி விலகினால் போர்டு 45 நாளுக்குள் வேறொருவரை நியமிக்க வேண்டும். விலகும்போது உங்கள் அறையிலுள்ள கோப்புகளும் கடிதங்களும் கணினியிலுள்ளவையும் டவுன்ஷிப்புக்குச் சொந்தம். பட்டியலிட்டு, அடுத்தவரிடமோ கிளர்க்கிடமோ ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.